புதுப்பிப்பு: அக்கா மகனின் மரபணுச் சோதனை முடிவு

ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகனுக்கு அடிக்கடி எலும்பு முறிவதும் இரத்தத்தில் அமிலம் மிகுந்திருப்பதும் ஒரே நோயின் விளைவா என்று முன்பு கேட்டிருந்தேன். ஒரே நோய்தான். 8ஆம் குரோமோசோமில் உள்ள சிஏ2 மரபணுவின் இரு பிரதிகளிலும் பிழை இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் சேர்த்து, அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டும் அமில அயனியும் உண்டாக்கும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 2 நொதி இம்மரபணுவிலிருந்தே உருவாகிறது. அது இல்லாதபோது சிறுநீரகத்தால் பைகார்பனேட்டைச் சரிவர மீட்க முடிவதில்லை, பழைய எலும்பைக் கரைக்கும் செல்களுக்கும் போதிய அமிலம் கிடைப்பதில்லை. அதனால் பழைய எலும்பு கரையாமல் சேர்ந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துத் தெரிந்த எலும்பு, அடர்த்தியாக இருந்தும் முறிந்தது இதனால்தான். மருத்துவர் தந்துள்ள பைகார்பனேட் மருந்து இரத்தத்தைச் சீராக்கும். எலும்பின் குறையைத் தீர்க்காது. அக்காவும் மாமாவும் சொந்தத்தில் மணந்தவர்கள், ஆளுக்கொரு பிழைப் பிரதியைச் சுமப்பவர்கள் என்பதால் ஒவ்வொரு பிள்ளைக்கும் இந்நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு. அவர்களின் இளைய மகளின் இரத்தத்தையும் சேலத்தில் சோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்.