“செதிலைப் புடுங்குனா வலிக்காதா?” – அடம், கோபம், பங்கு போடுதல்: படக்கதைகளோடு உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

இருவரின் அம்மா, திண்டுக்கல்:

பெரியவனுக்கு நாலரை வயது. சின்னவள் நடக்க ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் எல்லாச் சண்டையும் ஒரு மஞ்சள் ஜேசிபி பொம்மைக்குத்தான். அவள் தொடுவாள், இவன் பிடுங்குவான், அவள் வீறிடுவாள், இவன் தள்ளிவிடுவான். “அண்ணன்தானே, விட்டுக் குடுடா” என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

அந்தச் சமயத்தில்தான் வானவில் மீன் கதை கைக்கு வந்தது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த மார்கஸ் ஃபிஸ்டர் 1992இல் எழுதி வரைந்த புத்தகம். மினுமினுக்கும் செதில்கள் கொண்ட ஒரு மீன், கேட்டவர்களுக்குத் தர மறுக்கிறது. யாரும் அதோடு சேர்வதில்லை. பிறகு ஆளுக்கொரு செதிலாகக் கொடுத்து, ஒன்றை மட்டும் தனக்கு வைத்துக்கொள்கிறது. செதில்கள் ஜிகினாத் தாள் போல நிஜமாகவே மின்னும். முதல் நாள் அவற்றைத் தடவித் தடவிப் பார்த்தான்.

மறுநாள் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். “பாத்தியா, மீன் குடுத்துச்சுல்ல? நீயும் குடு.” மூச்சு வாங்க அழுதுகொண்டே கேட்டான்: “செதிலைப் புடுங்குனா அதுக்கு வலிக்காதா?” என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைக் காணோம். கட்டிலுக்கு அடியில், பழைய சூட்கேஸுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். அந்தப் புத்தகம் வெளியே வந்தால் ஜேசிபி போய்விடும் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கதையைப் பிரம்பு மாதிரி நீட்டியிருக்கிறேன் என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் அண்ணி வீட்டிலிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. மோரிஸ் சென்டாக் 1963இல் வெளியிட்ட கதை. மேக்ஸ் என்ற பையன் ஓநாய் உடுப்பைப் போட்டுக்கொண்டு அட்டகாசம் செய்கிறான். சாப்பாடு கிடையாது என்று அம்மா அறைக்கு அனுப்பிவிடுகிறாள். அவன் படகேறி, பூதங்கள் வாழும் இடத்துக்குப் போய் ராஜாவாகிறான். இங்கிலீஷ் புத்தகம்தான், நானே தமிழில் சொல்வேன். மேக்ஸின் ஆட்டம் ஏற ஏறப் படமும் பக்கத்தில் பெரிதாகிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு வார்த்தைகூட இல்லாமல் பக்கம் முழுக்க ஒரே கூத்து. வீடு திரும்பினால் அவனுக்கான சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது.

இரவு, விளக்கை அணைக்கும் முன், இருவரும் அமைதியாக இருக்கும்போது மட்டும் வாசித்தேன். முடிந்ததும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலாவது நாள் அவனே கேட்டான்: “அந்தச் சோத்த யாரு வச்சா?” அம்மாதான் என்றேன். “கோவமா இருந்தாங்கல்ல?” ஆமா, கோவமாத்தான் இருந்தாங்க, அப்புறம் வச்சாங்க என்றேன். வேறெதுவும் கேட்காமல் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டான். அவன் கேட்டது மேக்ஸைப் பற்றி மட்டுமில்லை. தள்ளிவிட்டதற்காக அன்று மத்தியானம்தான் அவனைத் திட்டியிருந்தேன்.

உங்கள் வீட்டில் எப்படி?

அங்கன்வாடி டீச்சர், விருதுநகர் பக்கம்:

சகோதரி, உங்கள் பையன் கேட்ட கேள்வி மனதைப் பிசைந்துவிட்டது. எங்கள் மையத்தில் இருபது பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஆட்டக் குதிரை. ‘பகிர்ந்துகொள்’ என்றால் இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைக்குச் சரியாக விளங்காது. கையை விட்டுப் போனது திரும்பி வரும் என்ற நம்பிக்கை அந்த வயதில் எளிதில் வராதே! ‘அடுத்து உன் முறை’ என்றால் கொஞ்சம் விளங்கும். அதனால் புத்தகத்தையே முறை பழக வைத்துக்கொண்டேன். கதை நான் சொல்வேன், பக்கத்தை ஆளுக்கு ஒன்றாக அவர்கள்தான் திருப்ப வேண்டும். முதல் வாரம் கிழிந்தது, ஒட்டினோம். இப்போது “டீச்சர், அவன் முறை” என்று அவர்களே சொல்கிறார்கள்.

புத்தகம் எங்கே என்று கேட்பீர்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. இறக்கி அச்சடித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. கறுப்பு வெள்ளையில்தான் என்னால் அச்சடிக்க முடிந்தது, அதுவே நல்லதாகப் போயிற்று. கோபமாக இருக்கும் ஒரு பிள்ளையின் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். எல்லாரும் முகத்தில் சிவப்பைத் தேய்க்க, ஒரு குட்டிப் பெண் மட்டும் முகத்தை விட்டுவிட்டு வயிற்றில் கறுப்பைப் போட்டுத் தேய்த்தாள். ஏன்டா என்றேன். “கோவம் இங்கதான் டீச்சர் இருக்கு” என்று தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவளுடைய அப்பா வேலைக்கு வெளியூர் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவள் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. அன்றிலிருந்து காலையில் அவள் வந்ததும் “வயிறு எப்படி இருக்கு?” என்று கேட்கிறேன். “நல்லா இருக்கு” என்றோ “கோவம் இருக்கு டீச்சர்” என்றோ சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள்.

இன்னொன்று. கடலைமிட்டாய் என்றால் காக்கா கடி கடித்துத் தானாகப் பங்கு போடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொம்மையைக் கடித்துப் பாதியாக்க முடியாது, சிக்கலே அங்கேதான்.

மீனுவின் அப்பா, கோவை:

அந்த மீன் கதையை எங்கள் பாப்பா மிகவும் விரும்பினாள். கேட்ட அன்றே தன் ஸ்டிக்கர் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள். நாங்கள் பாராட்டினோம். இரவு பத்து மணிக்கு எழுந்து உட்கார்ந்து, “என் ஸ்டிக்கர் எப்போ வரும்?” என்று ஒரே அழுகை. கொடுத்துவிடுவது வேறு, விளையாடத் தந்து திரும்ப வாங்குவது வேறு. நாங்கள் பிரித்துச் சொல்லவே இல்லை.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டில் நானே வரைந்தேன். படம் கோணல்மாணல்தான். ஒரு பக்கத்தில் அவளும் தோழியும் டூ விடுகிறார்கள், அடுத்த பக்கத்தில் பழம். அவள் நடுவில் ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னாள்: இருவரும் ஒன்றும் பேசாமல் திண்ணையில் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கும் பக்கம். “உடனே பழம் விட மாட்டோம்ப்பா” என்றாள். இப்போது வீட்டுக்குக் குழந்தைகள் வரும் முன், எதைத் தரலாம், எதைப் பீரோவில் பூட்டலாம் என்று அவளையே பிரிக்கச் சொல்கிறோம். அழுகை பாதியாகக் குறைந்திருக்கிறது.

இருவரின் அம்மா, திண்டுக்கல்:

அண்ணா, பூட்டி வைக்கும் யோசனைக்கு நன்றி. டீச்சர், வயிற்றுக் கேள்வியை நானும் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

நேற்றுக் கூட்டும்போது மீன் புத்தகம் மறுபடி கட்டிலுக்கு அடியில் கிடைத்தது. சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித் தாளைக் கிழித்து, பசை போட்டு, அந்த மீன் மேல் துண்டு துண்டாக ஒட்டியிருந்தான். பக்கம் முழுக்கப் பிசுபிசுப்பு. திட்டவில்லை. சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவனாகவே சொன்னான்: “அதுக்குத் திருப்பிக் குடுத்துட்டேம்மா.”

ஜேசிபியை இன்னும் தங்கைக்குத் தரவில்லை. அதை அலமாரியில் ஏற்றி வைத்துவிட்டோம். டிராக்டரைத் தருகிறான், பத்து எண்ணி முடித்ததும் திரும்பக் கேட்கிறான், அவளும் சில நாள் தருகிறாள்.