மெயின்ஃபிரேமில் மட் திறக்கவில்லை. திறந்தாலும் தமிழ் தெரியவில்லை

தேன்மொழி:
வணக்கம். எங்கள் அலுவலகப் பெருங்கணினியான மெயின்ஃபிரேமில், இசட்/விஎம் என்ற மெய்நிகர் இயந்திர அமைப்பின் கீழ் ஓடும் லினக்ஸ் ஒன்றைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்திருக்கிறது. இரவு நேர வேலைகளின் அறிக்கைகளும் குழுவினரின் கடிதங்களும் அங்கேயுள்ள அஞ்சல்பெட்டியில்தான் சேருகின்றன. 3270 டெர்மினல் திரையில் நுழைந்து, அஞ்சல் படிக்கும் நிரலான மட்டைத் (Mutt) திறந்தால் எல்லாம் தாறுமாறாகிறது. கன்ட்ரோல்-சி அழுத்தினாலும் நிற்பதில்லை. என் மேசைக்கணினியில் புட்டி என்ற டெர்மினல் நிரலைத் திறந்து, எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாகப் போனால் மட் ஒழுங்காகத் திறக்கிறது. ஆனால் தமிழ்க் கடிதங்களில் கேள்விக்குறிகளும், இடையிடையே 340, 256 போன்ற எண்களும்தான் தெரிகின்றன. எங்கே தவறு செய்கிறேன்?

பச்சைத்திரை:
தேன்மொழி, முதல் சிக்கலில் உங்கள் தவறு எதுவும் இல்லை. 1971இல் வந்த 3270 வேறு வகையான டெர்மினல். நீங்கள் தட்டச்சு செய்வது உங்கள் திரையிலேயே தங்கியிருக்கும். என்டர் அழுத்தும்போதுதான் மொத்தமாக இயந்திரத்துக்குப் போகும். மட்டோ, ஜே விசையைத் தொட்ட கணமே அடுத்த கடிதத்துக்கு நகர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நிரல். போதாக்குறைக்கு, லினக்ஸின் கன்சோல் (இயந்திரத்தோடு நேரடியாகப் பேசும் திரை) பெரும்பாலும் 3215 முறையில் இருக்கும். 3215 என்பது சிஸ்டம்/370 காலத்துத் தட்டச்சுக் கன்சோல். அது வரி வரியாகத்தான் பேசும், முழுத்திரை நிரல் எதுவும் அதில் உருப்படியாக ஓடாது. கன்ட்ரோல்-சிக்குப் பதிலாக, தொப்பிக்குறியையும் (^) சி எழுத்தையும் அடுத்தடுத்து அடித்து என்டர் அழுத்துங்கள், நிற்கும்.

அந்தக் கன்சோல் அவசரத்துக்கு மட்டுமே. நெட்வொர்க் விழுந்து எஸ்எஸ்ஹெச் கிடைக்காதபோது உள்ளே போக அதுதான் வழி. அஞ்சலை அங்கே படிக்காதீர்கள். இன்னொன்று, இதை மறக்கவே கூடாது: வெளியே வரும்போது இசட்/விஎம்மின் சிபி டிஸ்கனெக்ட் கட்டளையைக் கொடுங்கள். லாக்ஆஃப் கொடுத்தால் அந்த லினக்ஸே விழுந்துவிடும், அதில் வேலை செய்யும் அத்தனை பேரின் பணியும் அதோடு போகும். ஒருமுறை பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

குறுக்கெழுத்து:
இரண்டாவது சிக்கலுக்கு அந்த எண்களே விடை சொல்கின்றன. எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘அ’ என்பதை ஆக்டலில் (எட்டடிமான எண்முறையில்) எழுதினால் 340, 256, 205. ஆகவே கடிதம் முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை எழுத்தாகக் காட்டலாம் என்று மட்டுக்கு யாரும் சொல்லவில்லை. மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும் லொகேல் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், போசிக்ஸ் (தமிழ் எழுத்தை அறியாத அடிப்படை அமைப்பு) என்று வரும் என நினைக்கிறேன். நுழையும்போது வாசிக்கப்படும் உங்கள் பாஷ் ப்ரொஃபைல் கோப்பில் லாங் (LANG) என்ற மாறிக்கு யுடிஎஃப்-8 லொகேல் ஒன்றைக் கொடுங்கள். புட்டியின் டிரான்ஸ்லேஷன் பக்கத்திலும் யுடிஎஃப்-8 இருக்க வேண்டும். மட்டின் அமைப்புக் கோப்பில் சார்செட்டை (எழுத்துக் குறியீட்டு முறையை) கையால் எழுதி வைக்காதீர்கள். லொகேல் சரியாக இருந்தால் அது தானே புரிந்துகொள்ளும்.

தேன்மொழி:
போசிக்ஸ்தான் இருந்தது! மாற்றிவிட்டு மறுபடி நுழைந்தேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் ‘கொடு’ என்ற சொல்லில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கின்றன. கடிதப் பட்டியலின் ஓரங்களும் கோணலாக இருக்கின்றன.

குறுக்கெழுத்து:
இது மெயின்ஃபிரேமின் குறை இல்லை, உங்கள் மேசையில் உள்ள டெர்மினலின் குறை. டெர்மினல் திரை கட்டம் கட்டமாகப் பிரிந்தது. கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் சேர்த்து ஓர் எழுத்தாக வரையப் புட்டிக்குத் தெரியாது. லினக்ஸ் மேசைக்கணினி கிடைத்தால் எம்எல்டெர்ம் என்ற டெர்மினல் நிரலில் பாருங்கள், இந்திய எழுத்துகளைச் சேர்த்து வரையும் வசதி அதில் உண்டு. பட்டியலின் கோணல் முழுதாகப் போகும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடிதத்தைத் தடங்கலின்றி வாசிக்கலாம்.

பச்சைத்திரை:
வெளி அஞ்சல் கணக்கையும் மட்டில் சேர்த்தால், கடவுச்சொல்லை அமைப்புக் கோப்பில் அப்படியே எழுதாதீர்கள். பலர் நுழையும் இயந்திரம் அது. ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய தனிக்கோப்பில் வைத்து, மட் திறக்கும்போது அங்கிருந்து வாசிக்கச் செய்யுங்கள். அமைப்புக் கோப்பின் அனுமதியையும் 600 ஆக, அதாவது நீங்கள் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி, மாற்றிவிடுங்கள்.