டூல் பெட்டியில் பார்த்தவர்கள் சிரிக்கிற சாமான் எது?

கோவை எண்ணூறு

வீட்டு வாசலிலேயே வண்டியைப் பிரித்துப் போடுகிற ஆட்களுக்கான இழை இது. ஸ்பானர் செட், சாக்கெட் செட் எல்லாம் எல்லாரிடமும் இருக்கும், அதை விடுங்கள். "இது எதுக்குய்யா இங்க கிடக்கு?" என்று அடுத்தவர் கேட்கிற சாமானைப் பற்றிச் சொல்லுங்கள்.

என்னுடையது ஒரு சாண் பெட்ரோல் ஹோஸ், அதாவது ரப்பர் குழாய். பழைய மாருதி 800க்கு முதன்முதலாக நானே ஸ்பார்க் பிளக் மாற்றினேன். பிளக்கை நேரே பிளக் ஸ்பானரில் வைத்து இறக்கித் திருகியதில் முதல் சுற்றே இறுக்கம். உள்ளே கார்பன் இருக்கும் என்று நினைத்து அழுத்தித் திருப்பினேன். பிளக் இறங்குகிற எஞ்சின் ஹெட் அலுமினியம், பிளக் இரும்பு. யார் தோற்றிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹெட்டின் மரை (திருகுப் புரி) போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், புது மரைக்கு இன்சர்ட் போட்டு வந்தேன். ஒரு மணி நேர வேலைக்கு நாலு நாள்.

இப்போது பிளக்கின் மேல்முனையில் ஹோஸைச் செருகி, அதை இரண்டு விரலால் உருட்டித்தான் இறக்குகிறேன். முதலில் இடது பக்கமாக மெதுவாகச் சுற்ற வேண்டும். மரை 'டக்' என்று உட்காருவது விரலுக்கே தெரியும். அப்புறம் வலது பக்கம். மரை மாறி ஏறினால் பிளக் நின்றுவிடும், ஹோஸ் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றும். ரப்பருக்கு அலுமினியத்தைக் கெடுக்கிற பலம் கிடையாது, அதுதான் விஷயம். நாலைந்து சுற்று தானாக இறங்கிய பிறகு ஸ்பானர்.

சிட்டி ஓட்டுறவன்

என்னுடையது சுத்தியலால் அடிக்கிற ஸ்க்ரூடிரைவர். பெயர் இம்பேக்ட் டிரைவர். கரண்டில் ஓடுவது அல்ல, கைப்பிடியின் பின்னால் ஓங்கி அடிப்பது.

ஹோண்டா சிட்டியில் முன் பிரேக் டிஸ்க்கை ஹப்போடு பிடித்துக்கொண்டு இரண்டு ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். வருஷக் கணக்கில் துருவும் சூடும் சேர்ந்து பற்றவைத்த மாதிரி ஆகியிருக்கும். சாதா ஸ்டார் ஸ்க்ரூடிரைவரை வைத்து முக்கினேன். முனை நழுவி நழுவி, ஸ்க்ரூ தலை கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது.

சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரிடம் புலம்பியபோது, "ஜப்பான் வண்டியா?" என்றுதான் முதலில் கேட்டார். ஸ்டார் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு சாதி இருக்கிறதாம். ஒன்று பிலிப்ஸ். மற்றது ஜப்பான் தர அளவான ஜேஐஎஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் ஜப்பான் ஸ்க்ரூவில் பிலிப்ஸ் முனை அடிவரை போய் உட்காராது, பலம் கொடுத்ததும் மேலே ஏறி வந்துவிடும். பல ஜேஐஎஸ் ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் அடையாளம்.

இம்பேக்ட் டிரைவரில் அடி விழும்போது முனை உள்ளே அழுந்தும், அதே நொடியில் கொஞ்சம் திரும்பவும் செய்யும். நழுவ நேரமே இல்லை. மிச்சமிருந்த தலையில் பெரிய முனையை வைத்து மூன்று அடி. மூன்றாவதில் கிர்ரென்று ஒரு சத்தம், விட்டுவிட்டது. அடிக்கும் முன் அது கழற்றுகிற பக்கம்தான் திருப்பி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நான் முதல் அடியை இறுக்குகிற பக்கம் கொடுத்தேன். (கண்ணுக்குக் கண்ணாடியும் போடுங்கள்.)

டாக்ஸி வீட்டுப் பையன்

அப்பாவோட பழைய அம்பாசடர் இன்னும் வீட்ல நிக்குது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழி வந்த வண்டி, போல்ட் எல்லாம் இஞ்ச் கணக்கு. அரை இஞ்ச்னா 12.7 எம்எம். 13ஆம் நம்பர் (13 எம்எம்) ஸ்பானர் போட்டா உள்ள போகும், ஆனா ஆடும். ரெண்டு தடவை இறுக்கிக் கழட்டுனா நட்டு ரவுண்டாயிடும். அதனால அப்பாவோட இஞ்ச் ஸ்பானர் செட்டை யாருக்கும் இரவல் குடுக்கறதில்ல. வேடிக்கை என்னன்னா, நீங்க மில்லிமீட்டர் சாக்கெட்னு வாங்குறதுலயும் ராட்செட் கைப்பிடி மாட்டுற சதுரம் இன்னும் கால், அரை இஞ்ச் கணக்குதான்.

இன்னொண்ணு, நீளமான ஸ்க்ரூடிரைவர். எஞ்சின் ஓடுறப்ப முனையை ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) உடம்புல வச்சு, பிடியைக் காதோரம் அழுத்திக் கேளுங்க. பேரிங் போயிருந்தா மாவு மில் மாதிரி கரகரன்னு கேக்கும். ஃபேன்பெல்ட் பக்கம் துண்டு, சட்டைக் கை தொங்கவிடாம.

மதுரை வேகன்ஆர்

சிரிக்காதீங்க, பணியாரச் சட்டி.

எஞ்சின் மேல்மூடியான வால்வ் கவர்ல ஆயில் கசிவு, கசிவைத் தடுக்கிற கேஸ்கட்டை நானே மாத்தினேன். கழட்டுன போல்ட்டை எல்லாம் ஒரு தட்டுல கொட்டி வச்சேன். திரும்பப் பூட்டுறப்ப ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை, எது எங்கன்னே தெரியலை. கடைசில ரெண்டு மிச்சம். இப்ப ஏழு குழிச் சட்டிதான். பிடி இருக்கிற பக்கத்துலேர்ந்து கழட்டுற வரிசைப்படி குழிகுழியா போட்டுட்டே வருவேன், பூட்டுறப்ப அதே வழியில திரும்பி வருவேன். இரும்புச் சட்டிங்கறதால பழைய ஸ்பீக்கரோட வளையக் காந்தத்தை அடியில வச்சிருக்கேன். நடுக்குழி அந்த வளையத்துல கச்சிதமா உக்காந்துக்கும், சட்டியும் உருளாது, போல்ட்டும் கால்ல தட்டிச் சிதறாது. நடுக்குழியில 10ஆம் நம்பர் சாக்கெட்டைத் தவிர எதுவும் போட மாட்டேன். அது ஒண்ணுதான எப்பவும் காணாமப் போகுது?

சிட்டி ஓட்டுறவன்

10ஆம் நம்பர் எனக்கு இதுவரை மூன்று போயிருக்கிறது. எஞ்சின் அடித்தட்டில் ஒன்று கிடைத்தது, அதுவும் முந்தின ஓனருடையது.

கோவை எண்ணூறு

மேடம், ஒரு சந்தேகம். அந்தச் சட்டியில் அப்புறம் பணியாரம் சுடுவீர்களா?

மதுரை வேகன்ஆர்

ஐயோ இல்லைங்க. ஒரு குழி விரிசல்னு அத்தை ஒதுக்கிப் போட்ட சட்டி அது. நல்ல சட்டியை எடுத்தா மறுநாள் என் சாக்கெட் செட் பழைய இரும்புக்காரர் கைக்குப் போயிரும்.