துடிப்பு 86 ஆனால் அது பயமா?

நள்ளிரவுக்காரன்:
பேய்விரும்பி நேற்று இன்னொரு இழையில் எழுதியது இது: "எது பயங்கரமான படம் என்ற சண்டையை அறிவியல் முடித்துவிட்டது. 2020-இல் பிரிட்டனில் 50 பேரை உட்காரவைத்து அளந்தார்கள். சினிஸ்டர்தான் முதலிடம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அங்கே அளந்தது இதயத்துடிப்பை. சும்மா இருக்கும்போது 65, படம் ஓடும்போது சராசரி 86. இருபத்தோரு துடிப்பு கூடினால் பயமா? நாலு படி ஏறினாலே கூடும். அளந்ததும் ஆய்வகம் இல்லை, இணைய இணைப்புக் கட்டணங்களை ஒப்பிடும் ஒரு தளம்.

பேய்விரும்பி:
அவர்கள் படி ஏறவில்லையே சார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அசையாமல் இருப்பவனுக்கு 86 எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
பயம் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளலாமா? திடுக்கிடுவது வேறு, அடிவயிற்றில் கிடக்கும் திகில் வேறு.

நள்ளிரவுக்காரன்:
எங்கிருந்து வந்ததா? கோபம் வந்தாலும் ஏறும், சிரித்தாலும் ஏறும், காதல் காட்சிக்கும் ஏறும். இதயத்தை முடுக்கும் நரம்பும் உண்டு, அடக்கும் நரம்பும் உண்டு. ஆபத்து எங்கே என்று மூச்சைப் பிடித்து உற்றுப் பார்க்கும்போது துடிப்பு குறையவே செய்யும். ஆளே உறைந்து கிடக்கும் அந்த நேரம் உங்கள் சராசரியைக் கீழே இழுக்கும். அதாவது நிஜமாகப் பயந்தவன் மதிப்பெண் இழக்கிறான்!

பேய்விரும்பி:
துடிப்பு 86-க்குக் கூடியதா இல்லையா? ஆம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

நள்ளிரவுக்காரன்:
கூடியது. அது பயத்தால் என்பதற்கு என்ன சாட்சி? உள்ளங்கை வியர்வையை அளந்திருந்தால் கொஞ்சமாவது மதித்திருப்பேன். வியர்வைச் சுரப்பிக்கு முடுக்கும் நரம்பு மட்டும்தான், அடக்கும் நரம்பு கிடையாது. அதுகூடக் கிளர்ச்சியைத்தான் காட்டும், பயத்தைத் தனியாகப் பிரித்துத் தராது.

கல்தூண்:
அதே பட்டியலில் இன்சிடியஸ் ஒரு காட்சியில் 133 வரை போனது. சராசரியில்தான் இரண்டாமிடம். உச்சத்தைப் பார்த்தால் முதலிடம் அதற்குத்தான். பேய்விரும்பி இதை வசதியாக விட்டுவிட்டார்.

பேய்விரும்பி:
உச்சம் என்பது ஒரு நொடி, சராசரி என்பது முழுப்படம். 86தான் கணக்கு.

நள்ளிரவுக்காரன்:
மறுபடியும் 86!

கல்தூண்:
இன்சிடியஸை வைத்து முறையான ஆய்வே நடந்திருக்கிறது. 2015-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 24 பேருக்கு அந்தப் படத்தையும் ஓர் ஆவணப்படத்தையும் காட்டி, முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப்படத்துக்குப் பிறகு ரத்தம் உறைய உதவும் 'எட்டாம் காரணி' என்ற புரதம் ஏறியிருந்தது. ரத்தம் உறையவைத்தது என்று நம் ஆட்கள் சொல்வது சும்மா இல்லை.

நள்ளிரவுக்காரன்:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்காதீர்கள். காரணி ஏறியது, ஆனால் ரத்தம் உறையத் தொடங்கியதற்கான குறிகள் எதுவும் மாறவில்லை. அதே ஆய்வில் இருக்கிறது. பழமொழியைக் காப்பாற்ற ஆய்வை வளைக்கக் கூடாது.

கல்தூண்:
நான் எதையும் விழுங்கவில்லை. பின்னணி இசை இழையிலும் இப்படித்தான் என் வாயில் இல்லாத வார்த்தையைத் திணித்தீர்கள். இன்னும் மறக்கவில்லை.

நள்ளிரவுக்காரன்:
அந்த இழையில் பதில் சொல்லாமல் போனது யார்? சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அதே பயம் வரும் என்று எழுதியவர் நீங்கள். நான் இரவு முழுக்க உட்கார்ந்து பதில் எழுதினேன். நீங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மழைக்குருவி:
நான் கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

பேய்விரும்பி:
இசை, ரத்தம் எல்லாம் வேறு இழையில் பேசுங்கள். உட்கார்ந்திருந்த 50 பேருக்கு 65 எப்படி 86 ஆனது?

நள்ளிரவுக்காரன்:
ஆயிரம் முறை கேட்டாலும் இதுதான் பதில்: துடிப்பு ஏறியது. பயந்தார்களா என்பது அந்த எண்ணில் இல்லை. எனக்கு உயிர் போகும் பயம் வந்த படங்களில் நான் மூச்சுகூட விடாமல் கிடந்திருக்கிறேன். அந்த நேரத்தில் என் துடிப்பை எடுத்துப் பட்டியலில் கடைசியில் போடுவீர்களா?

பேய்விரும்பி:
எடுத்துக் காட்டுங்கள், போடலாம். அதுவரை 86தான்.