சிசர் லிஃப்டுக்குக் கீழே தனி ஆள் தேவையா?

பல்லடம் பராமரிப்பு:
எங்கள் நூற்பாலையில் கூரை விளக்குகளையும் காற்றுக் குழாய்களையும் பழுது பார்க்க, ஆள் நிற்கும் கூடையைக் கத்தரி போல் விரியும் கால்களால் நேராக மேலே தூக்கும் சிசர் லிஃப்ட் வண்டி வாடகைக்கு வருகிறது. ஆபரேட்டரிடம் ஐபாஃப் (IPAF, இத்தகைய தூக்கு வண்டிகளுக்கான சர்வதேச அமைப்பு) தரும் பயிற்சி அட்டை இருந்தாலும் வேலை தொடங்கும் முன் எங்கள் தரையில் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும், வண்டியைக் கவனிப்பதைத் தவிர வேறு வேலை கொடுக்கப்படாத ஸ்பாட்டர் (கண்காணிப்பவர்) ஒருவர் கீழே நிற்க வேண்டும் என்றும் விதி எழுதியிருக்கிறேன். ஒப்பந்ததாரர்கள் எதிர்க்கிறார்கள். இங்குள்ளவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சூலூர் ஒப்பந்ததாரர்:
நானும் எதிர்க்கிறேன். அந்த அட்டை ஐந்தாண்டுகள் செல்லும். எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் முடித்தவருக்கே கிடைக்கிறது. அவரை ஒவ்வொரு மில் வாசலிலும் மறுபடி சோதித்தால் வாடகை நேரம்தான் வீணாகும். 2025 வரை நடப்பிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆவது பிரிவு, உயரத்தில் இருப்பவர் விழாதபடி தடுப்போ வேறு ஏற்பாடோதான் கேட்டது. கூடையைச் சுற்றித் தடுப்புக் கம்பி இருக்கிறதே!

பல்லடம் பராமரிப்பு:
அட்டையில் எந்த வகை எழுதியிருக்கிறது என்று பார்ப்பவர் எத்தனை பேர்? 3ஏ என்றால் சிசர், 3பி என்றால் நீளும் கை கொண்ட பூம். ஒன்றில் தேறியவர் மற்றதற்குத் தகுதி பெற்றவராகிவிட மாட்டார். வகை பொருந்தினாலும், இன்று வந்திருக்கும் மாடலில் அவசரமாக இறக்கும் வால்வு எங்கே இருக்கிறது என்பதை அட்டை சொல்லாது. எங்கள் தரைக்கடியில் காற்று திரும்பும் கால்வாய் ஓடுகிறது. அதன் மூடிகள் ஆள் நடக்கப் போட்டவை, லிஃப்டின் சக்கரப் பளுவுக்குப் போட்டவை அல்ல. வெளியூர் ஆபரேட்டருக்கு இது எப்படித் தெரியும்?

சூலூர் ஒப்பந்ததாரர்:
கால்வாயைக் காட்ட வேண்டியது மில்லின் கடமை. அதற்குப் பரீட்சை எதற்கு? ஸ்பாட்டர் என்று நீங்கள் நிறுத்தும் ஆளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் கையில் அலைபேசியோடு ஒரு ஹெல்பர், அதுவும் கூடைக்கு நேர் கீழே. அவரை நம்பி ஆபரேட்டர் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுப்பதைவிட, ஆளே இல்லாமல் தானே எச்சரிக்கையாக இருப்பது மேல்.

பெருந்துறைப் பாதுகாப்பு:
சூலூர் அண்ணா சொல்லும் குறை உண்மை, முடிவுதான் சரியில்லை. கூடையில் இருப்பவர் தடுப்புக் கம்பிக்கும் மேலுள்ள உத்தரத்துக்கும் இடையில் நசுங்கினால், அவர் உடலே லிவரை அழுத்திக்கொண்டிருக்கலாம். தானாக இறங்க அவரால் முடியாது. அந்த நேரத்தில் கீழ்ப் பேனலில் சாவியைத் தரைக் கட்டுப்பாட்டுக்குத் திருப்பி இறக்கத் தெரிந்தவர் வேண்டும். ஆகவே ஸ்பாட்டரையும் சோதிக்க வேண்டும்: ஆள் இல்லாத கூடையை ஏற்றி, அவர் கையாலேயே இறக்கச் சொல்லுங்கள். ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரங்களின் இரைச்சலில் கூப்பிடு குரல் எட்டாது. ஆபரேட்டர் இந்தி பேசுபவர், கீழே நிற்பவர் நம் ஊர்க்காரர் என்றால் வாக்கிடாக்கி இருந்தும் பயனில்லை. நிறுத்து, இறக்கு, பின்னால் ஆள் என்ற மூன்றுக்காவது கைச்சைகையை இருவரும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

வெளிச்சுவரில் வேலை என்றால் காற்றையும் பாருங்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடத்தில் எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வெளியில் பயன்படுத்தும் வண்டிகளுக்கே பொதுவாக நொடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர்தான் எல்லை. உள்ளரங்குக்கு மட்டும் என்று தகட்டில் போட்ட சிசரை முற்றத்துக்கே கொண்டுபோகக் கூடாது.

சூலூர் ஒப்பந்ததாரர்:
இறக்கிக் காட்டும் சோதனையை ஏற்கிறேன். சில நிமிட வேலைதான். ஆனால் நாள் முழுவதும் சும்மா நிற்பவருக்குச் சம்பளம் யார் கொடுப்பது? ஒரே கூடத்தில் இரண்டு வண்டி ஓடினால் ஒருவர் போதாதா?

பல்லடம் பராமரிப்பு:
போதாது. இரண்டும் ஒரே சமயத்தில் நகர்ந்தால் அவர் எதைப் பார்ப்பார்? சம்பளத்துக்கு ஒரு வழி இருக்கிறது: எங்கள் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பழக்கி, வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் அவர் பெயரை எழுதி நிறுத்துகிறேன். அவர் டீ குடிக்கப் போனால் கூடை கீழே இறங்கியிருக்க வேண்டும்.

சூலூர் ஒப்பந்ததாரர்:
உங்கள் ஆள் என்றால் சரி. அட்டைக்காரரை மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.