டிகாக்சின் கொடுக்கும் முன் எந்த நாடியை எடுத்துக்கொள்வது?

கேள்வி (இதயப் பிரிவுக்குப் புதியவர்):
வணக்கம். பொது மருத்துவப் பிரிவிலிருந்து அண்மையில் இதயப் பிரிவுக்கு மாற்றப்பட்டுள்ளேன். இதயச் செயலிழப்புடன் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் (இதய மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) உள்ள, எழுபது வயதைக் கடந்த அம்மா ஒருவருக்கு டிகாக்சின் (இதயத் துடிப்பை மெதுவாக்கும் மருந்து) 0.25 மி.கி. மாத்திரை, ராமிப்ரில் (இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து), இருவேளை ஃபுரோசெமைடு (சிறுநீரைப் பெருக்கும் மருந்து) 40 மி.கி. ஊசி ஆகியவை எழுதப்பட்டுள்ளன. இன்று காலை விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நாடித்துடிப்பை 54 என்று காட்டியது. ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணியபோது 72 வந்தது. 60-க்குக் கீழே இருந்தால் டிகாக்சினைக் கொடுக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். எந்த எண்ணை எடுத்துக்கொள்வது? நேற்று முதல் சாப்பாடு பிடிக்கவில்லை, குமட்டுகிறது என்றும் அவர் சொல்கிறார்.

மறுமொழி (வார்டு பொறுப்புச் செவிலியர்):
இதய நுனியில் ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக் கிடைத்த 72-தான் சரியான எண். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் சில துடிப்புகள் வலுவில்லாமல் மணிக்கட்டுவரை வந்து சேருவதில்லை என்பதால், விரலிலும் மணிக்கட்டிலும் எண்ணிக்கை குறைந்தே தெரியும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்குவதும் இவர்களுக்குப் பொருந்தாது.

ஆனால் 72 வந்துவிட்டது என்பதற்காக மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குக் கவலை தருவது அந்தக் குமட்டல்தான். டிகாக்சின் உடலில் மிகும்போது நாடி குறைவதற்கு முன்பே பசியின்மை, குமட்டல், பார்வை மஞ்சளாகத் தெரிதல், முதியவர்களிடம் குழப்பம் ஆகியவை தோன்றலாம். ஃபுரோசெமைடு பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. பொட்டாசியம் குறைந்த இதயத்தில் வழக்கமான டிகாக்சின் அளவே நஞ்சாகலாம். இந்த வயதில் 0.25 மி.கி. என்பதே கூடுதல், 0.125 அல்லது அதற்கும் குறைவாகத்தான் பெரும்பாலும் எழுதுவார்கள். ஆகவே இந்த வேளை மாத்திரையை நிறுத்தி வைத்து, உடனே மருத்துவரிடம் தெரிவித்து, இ.சி.ஜி., பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்திய நேரத்தையும் காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். இதைக் கேட்பது நம் கடமை; தயங்க வேண்டியதில்லை.

இன்னொன்று: இதுவரை ஒழுங்கற்றிருந்த துடிப்பு திடீரென மெதுவாகவும் ஒரே சீராகவும் மாறினால், உடல் தேறிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. அது டிகாக்சினால் ஏற்பட்ட இதய மின்தடையாக (ஹார்ட் பிளாக்: மேலறையின் மின்துடிப்பு கீழறைக்குச் செல்லாமல் தடைபடுவது) இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அக்கா. மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். இரத்தத்தில் டிகாக்சின் அளவும் பார்க்கச் சொன்னார். அதற்கு நேரக் கணக்கு உண்டா?

மறுமொழி (தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்):
உண்டு. கடைசி மாத்திரை கொடுத்து குறைந்தது 6 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மருந்து திசுக்களுக்குள் பரவி முடியாமல், அளவு பொய்யாகக் கூடித் தெரியும். நேற்றுக் காலை கொடுத்தது என்றால் இப்போதே எடுக்கலாம். இதயச் செயலிழப்பில் 0.5 முதல் 0.9 நானோகிராம்/மி.லி. வரை போதுமானது. பொட்டாசியம் குறைந்திருந்தால் இந்த அளவுக்குள்ளேயே நச்சுத்தன்மை வரக்கூடும்.

பொட்டாசியம் குளோரைடு ஊசி எழுதப்பட்டால், அதை ஒருபோதும் கலக்காமல் நேரடியாக இரத்தக் குழாயில் செலுத்தக் கூடாது. கரைசலில் கலந்து, மெதுவாக, மானிட்டரைப் பார்த்தபடிதான் ஏற்ற வேண்டும்.

மறுமொழி (செவிலியர் பயிற்றுநர்):
ஃபுரோசெமைடு பலன் தருகிறதா என்பதை, அளந்த சிறுநீருடன் தினசரி எடையும் காட்டிவிடும். காலையில் சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே எடைக்கருவியில் பாருங்கள்; மூன்று நாளில் 2 கிலோ கூடினால் நீர் தேங்குகிறது என்று பொருள். பெரிய அளவுகளில் ஊசியை நிமிடத்துக்கு 4 மி.கி.-க்கு மேல் வேகமாகச் செலுத்தினால் காது கேளாமை ஏற்படலாம்.

பின்னர் ஸ்பைரோனோலாக்டோன் (பொட்டாசியத்தை வெளியேற்றாமல் சிறுநீரைப் பெருக்கும் மருந்து) சேர்க்கப்பட்டால் நிலைமை தலைகீழாகும். ராமிப்ரிலும் அதுவும் சேர்ந்து பொட்டாசியத்தை உயர்த்தும் என்பதால், ஒரு வாரத்திலும் நான்காவது வாரத்திலும் இரத்தப் பரிசோதனை தேவை. ஊசி போட்ட நாள்களில் பொட்டாசியத்துக்காக இளநீர் குடிக்கச் சொல்லியிருந்தால், அதை நிறுத்தச் சொல்லி வீட்டாரிடம் அப்போது தெளிவாகக் கூறிவிடுங்கள்.