நிதி திரட்டும் ஆலோசகருக்குச் சதவீதம் தரலாமா?

கணக்குப்பிள்ளை: எங்களுடையது சின்னத் தொண்டு அமைப்பு. நிதி திரட்ட ஓர் ஆலோசகரை அமர்த்தப் பேசினோம். மாதக் கட்டணம் கேட்கிறார். "வருவதில் பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றோம், மறுத்துவிட்டார். தன் வேலையில் நம்பிக்கை உள்ளவர் ஏன் பின்வாங்க வேண்டும்? பணம் வராவிட்டால் நஷ்டம் எங்களுக்கு மட்டும்தானா?

மேசைவிளக்கு: அவர் மறுத்ததே நல்ல அறிகுறி. அமெரிக்காவில் 1960-ல் தொடங்கிய நிதி திரட்டுவோர் சங்கமான ஏஎஃப்பியின் நெறிமுறை, நன்கொடையில் சதவீதம் வாங்கக் கூடாது என்கிறது. சதவீதக்காரருக்கு இன்றைக்கே காசோலை வேண்டும். இரண்டு வருடம் பொறுமையாகப் பழகினால் உயிலில் பெரிய தொகை எழுதிவைக்கக்கூடிய பெரியவரிடம், இப்போதே ஏதாவது கொடுங்கள் என்று நச்சரிப்பார்.

கணக்குப்பிள்ளை: நெறிமுறை எழுதியதும் அதே தொழில்காரர்கள்தானே! தங்களுக்குச் சாதகமாக எழுதிக்கொண்டார்கள்.

மேசைவிளக்கு: சரி, கொடுப்பவர் பக்கம் வாருங்கள். 1993-ல் வந்த நன்கொடையாளர் உரிமைப் பட்டியலில், கேட்டு வருபவர் தொண்டரா, ஊழியரா, பணம் கொடுத்து அமர்த்தப்பட்டவரா என்று அறியும் உரிமையும் உண்டு. 'இதில் பத்தில் ஒரு பங்கு வந்து கேட்டவருக்கு' என்று ரசீதில் அச்சடிப்பீர்களா?

முன்னாள்_செயலர்: இரண்டு பேரும் கட்டணத்திலேயே மல்லுக்கட்டுகிறீர்கள். நாங்கள் மாதக் கட்டணம்தான் கொடுத்தோம், அப்படியும் கவிழ்ந்தது. ஆலோசகர் எங்கள் நன்கொடையாளர்கள் இருபது பேரைத் தனித்தனியே சந்தித்துவிட்டு, இலக்கில் பாதிதான் தேறும் என்றார். குழுவுக்குக் கோபம். அவர் கேட்டது மூன்றுதான்: பழைய நன்கொடையாளர் பட்டியல், வாரம் ஒரு மணி நேரம் பேச ஓர் ஆள், நேரில் போய்க் கேட்க ஐந்து உறுப்பினர்கள். பட்டியலையே நான்கு மாதம் கழித்துத்தான் கொடுத்தோம். அதிலும் சிலர் இறந்து வருடக்கணக்காகியிருந்தது. அவர் தப்பு என்று எதைச் சொல்வேன்?

கணக்குப்பிள்ளை: கேட்பதும் நாங்கள், அலைவதும் நாங்கள் என்றால் அவர் எதற்கு?

முன்னாள்_செயலர்: யாரிடம், எவ்வளவு, எப்போது கேட்பது என்று சொல்லத்தான். முகம் தெரியாத ஆலோசகர் போய் நின்றால் யார் பெரிய தொகை கொடுப்பார்கள்? பல வருடம் பழகிய நீங்கள் போனால் கதவு திறக்கும்.

மேசைவிளக்கு: நஷ்டப் பயம் என்றால் முதலில் மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், நன்கொடையாளர் விவரங்கள் அமைப்புக்கே சொந்தம் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். அவர் விலகும்போது பட்டியலும் கூடப் போய்விடக் கூடாது.

கணக்குப்பிள்ளை: மூன்று மாதம் என்றால் குழுவில் பேசிப் பார்க்கிறேன். சதவீதம் தப்பு என்று இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் நேரில் போய்க் கேட்க ஐந்து பேருக்கு எங்கே போவேன்? எங்கள் தலைவர் ரசீதுப் புத்தகத்தைக் கையால் தொட்டதே இல்லை.